யூஎஸ்பில இருந்து பூட் ஆகாத ரவுட்டர்: அடுத்து எந்த வழியில போறது?

போன மாசம் மருமகன் தலவாக்கலையில இருந்து போன் பண்ணினான். வீட்டு ரவுட்டர்ல கம்பனி சாஃப்ட்வேர எடுத்துட்டு ஓப்பன்டபிள்யூஆர்டிங்கிற இலவச ரவுட்டர் சாஃப்ட்வேர போடப் பாத்துக்கிட்டு இருந்தான். "மாமா, பென் டிரைவ குத்தி ரீசெட் பட்டன அமுக்கிக்கிட்டே பவர் போட்டேன், மஞ்ச லைட் மின்னுது, கொஞ்ச நேரத்துல சிவப்பாயிடுது, அதுக்கப்புறம் ஒண்ணும் நடக்கல. வேற பென் வாங்கவா, இல்ல ரவுட்டரையே மாத்திடவா?"ன்னு கேட்டான். அதுக்கு ஒரே வரியில பதில் சொல்ல முடியல, ஏன்னா அவன் சொன்ன ரெண்டுக்கும் நடுவுல இன்னும் நாலஞ்சு வழி இருக்கு, ஒவ்வொண்ணுலயும் போற காசு வேற, நேரம் வேற, ரவுட்டர் செத்துப்போற சான்ஸும் வேற. இதே கேள்விய ஹட்டன்ல ரெண்டு பேரும் கேட்டிருந்ததால எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எழுதலாம்னு உட்கார்ந்தேன்.

எதுக்கு இந்த வேலைன்னு முதல்ல சொல்லிடுறேன். தங்கச்சி வீடு லயத்துல, அதாவது தோட்டத்துல ஒட்டி ஒட்டி வரிசையா இருக்கிற வீடுகள்ல ஒண்ணு. 4ஜி கனெக்ஷன் ஒண்ணுதான், அத நாலு வீடு சேர்ந்து கட்டி பாவிக்கிறாங்க. ஒரு வீட்ல வீடியோ டவுன்லோட் போட்டா அடுத்த வீட்டு புள்ளையோட ஆன்லைன் கிளாஸ்ல டீச்சர் குரல் வெட்டி வெட்டி வரும். கம்பனி போட்டுக்குடுத்த சாஃப்ட்வேர்ல இத பிரிச்சுக் குடுக்க வழியே இல்ல, அப்டேட்டும் வந்து பல வருஷம் ஆச்சு. ஓப்பன்டபிள்யூஆர்டி போட்டா எஸ்கியூஎம்னு ஒண்ணு இருக்கு, அதுல கேக்ங்கிற முறைய செட் பண்ணினா யாரு எவ்வளவு இழுத்தாலும் மத்தவங்க பங்கு குறையாம சமமா பிரிச்சு விடும், க்யூல பாக்கெட் தேங்கி லேட் ஆகுறதும் நிக்கும். நாலு வீட்டுக்கும் ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) எழுதப்போற புள்ளைங்களுக்கும் இது பெரிய விஷயம், அதனாலதான் இதுக்கு இவ்வளவு மெனக்கெடுறது.

வழிய தேர்ந்தெடுக்க முன்னால ஒரு குழப்பத்த தீர்க்கணும். "யூஎஸ்பில இருந்து பூட்"னு நாம சொல்றது மூணு வேற வேற வேலை. ஒண்ணு, பூட்லோடர் (பவர் போட்டதும் முதல்ல ஓடுற சின்ன புரோகிராம்) பென் டிரைவ்ல இருக்கிற ஃபைல எடுத்து உள்ள இருக்கிற, பவர் போனாலும் அழியாத ஃபிளாஷ் சிப்ல எழுதுறது, இது ரெக்கவரி. ரெண்டாவது, பூட்லோடர் அந்த ஃபைல ரேமுக்கு ஏத்தி அங்கயே ஓட்டுறது, ஃபிளாஷ தொடாது, இதுதான் நிஜமான யூஎஸ்பி பூட். மூணாவது எக்ஸ்ட்ரூட், அதாவது கெர்னல் (சாஃப்ட்வேரோட மையப் பகுதி) ஃபிளாஷ்ல இருந்தே ஏறிட்டு அப்புறம் செட்டிங்கும் பேக்கேஜும் மட்டும் பென் டிரைவ்ல இருந்து வர்றது, இதுக்கு ஓப்பன்டபிள்யூஆர்டி ஏற்கனவே ஓடிக்கிட்டு இருக்கணும். வீடியோ பாத்துட்டு நிறைய பேர் மூணாவத முதலாவதுன்னு நினைச்சு ராத்திரி பூரா முட்டிக்கிட்டு இருக்காங்க. வீட்டு ரவுட்டர்ல யூஎஸ்பி ஓட்டை இருக்குங்கிறதால அது கம்ப்யூட்டர் மாதிரி அதுல இருந்து பூட் ஆகும்னு அர்த்தம் கிடையாது. பெரும்பாலான ரவுட்டர்ல அது ஹார்ட் டிஸ்க், பிரிண்டர் குத்தத்தான், பூட்லோடருக்கு அப்படி ஒரு போர்ட் இருக்கிறதே தெரியாது. மருமகன்கிட்ட இருந்தது முதலாவது வகை, ரெக்கவரி வசதி உள்ள ரவுட்டர்.

இப்ப முதல் வழி, யூஎஸ்பியையே விடாம பிடிச்சுக்கிட்டு போறது. செலவே இல்ல, ரவுட்டர திறக்கவும் வேணாம், அதனால எல்லாரும் இதுலதான் ஆரம்பிக்கிறோம், ஆரம்பிக்கிறதும் சரிதான். ஆனா கண்ண மூடிக்கிட்டு பத்து பென் டிரைவ் மாத்துறதுல பிரயோசனம் இல்ல, ஒரே ஒரு டெஸ்ட் போதும்: அந்த ரவுட்டரோட சொந்த கம்பனி ஃபர்ம்வேர, அதாவது அதுக்குள்ள ஓடுற சாஃப்ட்வேர் ஃபைல, டவுன்லோட் பண்ணி, அது எதிர்பார்க்கிற அதே பேர்ல, அதே பென் டிரைவ்ல போட்டு ட்ரை பண்ணுங்க. கம்பனி ஃபைல் ஏறிடுச்சு, நம்ம ஃபைல் ஏறலன்னா பென் டிரைவ்ல குறை இல்ல, பூட்லோடர் நம்ம ஃபைலத்தான் வேணாங்குது. கம்பனி ஃபைலே ஏறலன்னா குறை பென் டிரைவ்ல, இல்ல பவர்ல.

பென் டிரைவ் பக்கம்னா பாக்க வேண்டியது கொஞ்சந்தான். ஃபேட்32ல ஃபார்மேட் பண்ணுங்க, 64 ஜிபி பென் எல்லாம் கடையில இருந்து பெரும்பாலும் எக்ஸ்ஃபேட்ல வரும், சின்ன பூட்லோடருக்கு அது புரியாது. பார்ட்டிஷன் டேபிள் (பென்ன எப்படி பிரிச்சிருக்குங்கிற பட்டியல்) எம்பிஆர் வகையா இருக்கணும், ஜிபிடின்னா நிறைய பூட்லோடர் படிக்காது. ஒரே பார்ட்டிஷன், ஃபைல் எந்த ஃபோல்டருக்குள்ளயும் இல்லாம வெளியில. ஃபைல் பேர் எழுத்துக்கு எழுத்து சரியா இருக்கணும், விண்டோஸ் கடைசி எக்ஸ்டென்ஷன மறைச்சு வைக்கிறதால பேருக்குப் பின்னால டாட் பின் டாட் பின்னு ரெண்டு தடவ விழுந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. பழைய 4 ஜிபி, 8 ஜிபி யூஎஸ்பி 2 பென் இருந்தா அதத்தான் முதல்ல எடுங்க, சில புது யூஎஸ்பி 3 பென் எழும்பி ரெடியாக நேரம் எடுக்கும், பூட்லோடர் அவ்வளவு நேரம் காத்துக்கிட்டு இருக்காது. அப்புறம் அடாப்டர். யூஎஸ்பி 2 போர்ட் 500 மில்லி ஆம்பியர் வரைக்கும் குடுக்கணும், யூஎஸ்பி 3 போர்ட் 900. ரவுட்டரோட வந்த 12 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டர் செத்து, டவுன்ல அதே மாதிரி குத்துற அரை ஆம்பியர் ஒண்ண வாங்கி மாட்டியிருந்தா வைஃபை ஓடும், பென் டிரைவ் குத்தினதும் தள்ளாடும். நம்ம பக்கம் இடி மின்னலுக்கு எத்தனையோ அடாப்டர் போயிருக்கு, அதனால ஒரிஜினல் அடாப்டர்தானான்னு கட்டாயம் பாருங்க.

மருமகனுக்கு இந்த டெஸ்ட போன்லயே சொல்லிக் குடுத்தேன். கம்பனி ஃபைல் நல்லா ஏறிச்சு, நம்ம ஃபைல் மட்டும் சிவப்பு. அப்ப அந்த பூட்லோடர் ஃபைல்ல கம்பனியோட டிஜிட்டல் கையெழுத்து இருக்கான்னு பாத்துட்டுத்தான் உள்ள விடுதுன்னு தோணிச்சு. அப்படி இருந்தா பேர மாத்துறதும், பென்ன மாத்துறதும், பட்டன இன்னும் பத்து செக்கன் அமுக்குறதும் ஒண்ணுக்கும் உதவாது, அந்தக் கதவு பூட்டினதுதான். இது தெரிஞ்ச பிறகும் யூஎஸ்பியோட மல்லுக்கட்டுறது நேரத்த வீணாக்குறதுன்னு நான் நினைக்கிறேன். ஒரு சாயங்காலம் குடுங்க, அதுக்கு மேல வேணாம்.

ரெண்டாவது வழி, ரவுட்டர் இன்னும் கம்பனி சாஃப்ட்வேர்ல உயிரோட ஓடுதுன்னா அதுக்குள்ள இருந்தே மாத்துறது. சில மாடலுக்கு ஃபேக்டரின்னு பேர் போட்ட இமேஜ (முழு சாஃப்ட்வேரும் அடங்கின ஃபைல) அட்மின் பக்கத்துல அப்டேட் மாதிரி ஏத்தினாலே போதும். சிலதுக்கு எஸ்எஸ்எச் இல்ல டெல்நெட்ட (கம்ப்யூட்டர்ல இருந்து கமாண்ட் அடிச்சு நுழையுற வழி) எப்படியாவது திறந்து உள்ள போய் கமாண்ட்ல எழுதணும். பெட்டிய திறக்க வேணாம், சாமான் வாங்க வேணாம், இது ரொம்ப நல்ல வழி. ஆனா எழுதுறது ஒரே தடவ, தப்பினா திரும்பி வர வேற வழி வேணும். அதோட வெர்ஷன் விஷயத்துல ஏமாந்துடாதீங்க: ஷாவ்மி மி ரவுட்டர் 3ஜின்னு ஒரே பேர்ல வந்ததுல முதல் வெர்ஷன்ல 128 எம்பி நேண்ட் வகை ஃபிளாஷ், 256 எம்பி ரேம், யூஎஸ்பி 3 போர்ட் எல்லாம் இருக்கு, ரெண்டாம் வெர்ஷன்ல 16 எம்பி ஃபிளாஷ், 128 எம்பி ரேம், யூஎஸ்பியே இல்ல. ஒண்ணோட இமேஜ மத்ததுல எழுதினா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல. அடியில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர போட்டோ எடுத்து பெரிசாக்கிப் பாத்துட்டுத்தான் டவுன்லோட் பண்ணணும்.

ஃபைல் வகையையும் இங்கயே சொல்லிடுறேன். ஃபேக்டரி இமேஜ் கம்பனி சாஃப்ட்வேர்ல இருந்து மாறுறதுக்கு. சிஸ்அப்கிரேட் ஏற்கனவே ஓப்பன்டபிள்யூஆர்டி ஓடுற ரவுட்டருக்கு. இனிட்ராம்எஃப்எஸ்னு ஒண்ணு முழுசா ரேம்லயே ஓடும், பவர் நிப்பாட்டினா மாயமாப் போயிடும், ஃபிளாஷ்ல ஒரு எழுத்தும் மாறாது. யூஎஸ்பில பூட் ஆகலன்னு சொல்றவங்கள்ல நிறைய பேர் சிஸ்அப்கிரேட் ஃபைலத்தான் பென்ல போட்டு வச்சிருப்பாங்க.

மூணாவது, லேன் கேபிள் வழியா ரெக்கவரி. இது மாடலுக்கு மாடல் மாறும். டிபி-லிங்க் ஆர்ச்சர் சி7 வெர்ஷன் 2 மாதிரி ரவுட்டர், பட்டன அமுக்கிக்கிட்டு பவர் போட்டா 192.168.0.66ங்கிற ஐபில ஒரு டிஎஃப்டிபி (நெட்வொர்க்ல ஃபைல் அனுப்புற எளிய முறை) சர்வர தானே தேடும், நம்ம லேப்டாப்புக்கு அந்த ஐபிய குடுத்து, அது கேக்குற பேர்ல ஃபைல வச்சா எடுத்துக்கும். டி-லிங்க்ல பல மாடலுக்கு 192.168.0.1ல ஒரு சின்ன ரெக்கவரி பக்கமே வரும். இதுல மாட்டிக்கிறது பெரும்பாலும் விண்டோஸ் ஃபயர்வால், அது யூடிபி 69ஆம் போர்ட்ட அடைச்சு வச்சிருக்கும். இன்னொண்ணு, ரவுட்டர் எழும்பும்போது லேன் லிங்க் விழுந்து எழும்புறதால லேப்டாப் தயாராகுறதுக்குள்ள அந்த ரெண்டு மூணு செக்கன் ஓடிடும், நடுவுல ஒரு பழைய சின்ன ஸ்விட்ச் போட்டா லேப்டாப் பக்க லிங்க் விழாது. உங்க மாடலுக்கு இந்த வசதி இருந்தா யூஎஸ்பிய மறந்துட்டு நேரா இதுக்கே வாங்க, யூஎஸ்பிய விட இது நம்பகமானது. மருமகனோட ரவுட்டருக்கு இது இல்ல.

இனி சீரியல் கேபிள், அதாவது ரவுட்டர் போர்டையும் லேப்டாப்பையும் சேர்த்து, ரவுட்டர் எழுத்துல சொல்றத வாசிக்கிற கேபிள். நான் மனசார சிபாரிசு பண்றது இதத்தான், அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன்.

மேல சொன்ன எல்லா வழியிலயும் நாம லைட்டோட கலர பாத்துத்தான் ஊகிக்கிறோம். சிவப்புன்னா ஃபைல் பிடிக்கலையா, பென்ன காணலையா, ஃபிளாஷ்ல எழுத முடியலையா, ஒண்ணும் தெரியாது. சீரியல்ல ரவுட்டரே வரி வரியா சொல்லும்: யூஎஸ்பில ஸ்டோரேஜ் தேடுறேன், ஒண்ணு கிடைச்சது, ஃபைல படிச்சேன், செக் பண்றேன், சரியில்லன்னு. காரணம் தெரிஞ்ச பிறகு எடுக்குற முடிவும், தெரியாம எடுக்குற முடிவும் ஒண்ணாகாது.

வேண்டியது சிபி2102 இல்ல சிஎச்340 சிப் வச்ச யூஎஸ்பி டு டிடிஎல் அடாப்டர் ஒண்ணு, மூணு ஜம்பர் வயர், பெட்டிய கழட்டக்கூடிய ஒரு ரவுட்டர். அடாப்டர நான் கொழும்பு புறக்கோட்டையில முதலாம் குறுக்குத் தெருவுல ஆயிரம் ரூபாய்க்கும் கம்மியாத்தான் வாங்கினேன். கொழும்புக்கு போற யார்கிட்டயாவது சொல்லி விட்டாலும் பரவாயில்ல, இதுக்குன்னே நாம பஸ் ஏறத் தேவையில்ல. ஒண்ணே ஒண்ணு கவனம்: 3.3 வோல்ட்ல செட் பண்ணினதா இருக்கணும். 5 வோல்ட் போனா சிப் போகும். பழைய கம்ப்யூட்டர் பின்னால இருக்கிற ஒன்பது பின் சீரியல் போர்ட்ட நேரா கொடுத்தா சொல்லவே வேணாம், அது வேற வோல்டேஜ். போர்டுல நாலு ஓட்டை வரிசையா இருக்கும், அதுல கிரவுண்ட கிரவுண்டோட, டிஎக்ஸ (அனுப்புற கால்) ஆர்எக்ஸோட (வாங்குற கால்), ஆர்எக்ஸ டிஎக்ஸோட குறுக்கா சேர்க்கணும், நாலாவது பவர் ஓட்டைய தொடவே கூடாது, ரவுட்டர் தன்னோட அடாப்டர்லதான் ஓடணும். பாட் ரேட் (எழுத்து வர்ற வேகம்) 115200ல ஆரம்பிங்க, குப்பை எழுத்தா வந்தா 57600 போட்டுப் பாருங்க, பழைய ராலிங்க் போர்டுகள்ல அதுதான்.

மீடியாடெக் எம்டி7621 மாதிரி போர்டுகள்ல பவர் போட்டதும் ஒரு மெனு வரும். 1ஐ தட்டினா டிஎஃப்டிபில ஃபைல எடுத்து ரேம்ல ஓட்டும். 2ஐ தட்டினா எடுத்து ஃபிளாஷ்ல எழுதும். 3 சாதாரணமா பூட் ஆகும். 4 கமாண்ட் லைன். 9 பூட்லோடரையே மாத்துற வேலை, தெரியாம கை வச்சிடாதீங்க. நமக்கு வேண்டியது 1, இனிட்ராம்எஃப்எஸ் இமேஜோட. ரேம்ல ஓப்பன்டபிள்யூஆர்டி எழும்பிடுச்சுன்னா வைஃபை வேலை செய்யுதா, லேன் வருதா, 4ஜி டாங்கிள் தெரியுதான்னு எல்லாம் பாத்துட்டு, பிடிக்கலன்னா பவர கழட்டிட்டு பழையபடி போயிடலாம். யூஎஸ்பில இருந்து ரேமுக்கு ஏத்தத் தெரியாத இந்த மாதிரி ரவுட்டர்ல வேற எந்த வழியிலயும் இப்படி ஒத்திகை பாக்க முடியாது.

குறையும் இருக்கு. பெட்டிய திறக்கணும், வாரண்டி இருந்தா போயிடும். ஓட்டைக்குள்ள ஈயம் அடைச்சிருந்தா சோல்டரிங் தெரிஞ்ச ஒருத்தர் வேணும், ரேடியோ ரிப்பேர் பண்ற யாராவது டவுன்ல இருப்பாங்க, அஞ்சு நிமிஷ வேலை. அதோட சில கம்பனி பூட்லோடர் செட்டிங்ல விசைப்பலகைய பூட்டி வச்சிருப்பாங்க, எழுத்து வரும், நாம தட்டுறது மட்டும் உள்ள போகாது. அப்படி இருந்தாலும் காரணமாவது தெரியும். அந்த மாதிரி மாடல்னா ரெண்டாவது வழியில உள்ள போய் செட்டிங்க மாத்திட்டு திரும்பி வரணும்.

இந்த கேபிளோட நான் ஞாயித்துக்கிழமை காலையில தங்கச்சி வீட்டுக்கு ரயில்ல போனேன், காலையிலயே போனதுக்குக் காரணம் இருக்கு. சித்திரையிலயும் ஐப்பசி, கார்த்திகையிலயும் நம்ம மலையில பின்னேரம் ஆனா இடி இறங்கும், லயத்துல ஒரு வீட்ல இருந்து அடுத்த வீட்டுக்கு தகரத்து மேலால இழுத்த லேன் கேபிள் வழியா அது ரவுட்டருக்குள்ள வரும். ஃபிளாஷ்ல எழுதிக்கிட்டு இருக்கிற நேரம் கரண்ட் போனாலும் அதே கதி. 2022ல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டின காலத்துல வாங்கின சின்ன ரவுட்டர் யூபிஎஸ் தங்கச்சி வீட்ல இருந்துச்சு, அத சார்ஜ் பண்ணி வைக்கச் சொல்லியிருந்தேன், வேலை முடியும்வரைக்கும் ரவுட்டர் அதுலதான் ஓடிச்சு. லேப்டாப்ல பேட்டரி இருக்கு. இந்த ரெண்டும் இல்லாம எழுதுற வேலைய நம்ம பக்கம் தொடங்காதீங்க.

சிஎச்341ஏ புரோகிராமர பத்தியும் கேப்பாங்க. எட்டுக்கால் ஃபிளாஷ் சிப்ல கிளிப்ப மாட்டி நேரா படிக்கிறது, எழுதுறது. பூட்லோடரே செத்துப்போய் சீரியல்ல ஒரு எழுத்தும் வரலன்னா இதுதான் கடைசி வழி, அப்ப மட்டுந்தான் இத தொடணும்னு நான் சொல்வேன். ஏன்னா கடையில அதிகமா கிடைக்கிற கறுப்பு போர்டு டேட்டா கால்கள்ல 5 வோல்ட் விடுது, 3.3 வோல்ட் சிப்புக்கு அது நல்லதில்ல. 1.8 வோல்ட் சிப்னா தனி அடாப்டர் வேணும். பெரிய நேண்ட் சிப் வச்ச ரவுட்டர்ல கிளிப் மாட்டவே முடியாது. எப்படியிருந்தாலும் எழுத முன்னால ரெண்டு தடவ படிச்சு ரெண்டு ஃபைலும் ஒரே மாதிரி இருக்கான்னு ஒப்பிடுங்க, ஒண்ணா இல்லன்னா கிளிப் சரியா உட்காரல.

ரவுட்டர மாத்துறது பத்தி சுருக்கமா சொல்றேன். உங்க பழையது 4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ரேம்னா மேல உள்ள எதையும் பண்ண வேணாம், 19.07ஓட அந்த சைஸுக்கு ஓப்பன்டபிள்யூஆர்டி நின்னுடுச்சு. செகண்ட் ஹேண்ட்ல வாங்கினாலும் குறைஞ்சது 16 எம்பி ஃபிளாஷ், 128 எம்பி ரேம் பாத்து வாங்குங்க, ஓப்பன்டபிள்யூஆர்டியோட சப்போர்ட் லிஸ்ட்ல மாடலும் வெர்ஷனும் இருக்கான்னு கடையிலயே நின்னு போன்ல பாருங்க. வீட்ல இருக்கிறதே ஒரு ரவுட்டர், பரீட்சை பக்கத்துலன்னா எந்த வழியும் இப்ப வேணாம், ரெண்டாவது ஒண்ணு கைக்கு வந்த பிறகு பழையதுல கை வைங்க.

தங்கச்சி வீட்டு ரவுட்டர்ல சீரியல் போட்டதும் பத்து நிமிஷத்துல விஷயம் தெரிஞ்சிடுச்சு: பென்ன கண்டுபிடிச்சிருக்கு, ஃபைலையும் முழுசா படிச்சிருக்கு, கையெழுத்து செக்ல நிப்பாட்டியிருக்கு. மருமகன் அத வாசிச்சிட்டு "அப்ப நான் பென்ன தப்பா ஃபார்மேட் பண்ணல மாமா"ன்னான், ஒரு வாரமா அவன் மனசுல அதுதான் இருந்திருக்கு. மெனுல 1ஐ தட்டி ரேம்ல ஏத்தினோம், ஓடிச்சு. உடனே ஃபிளாஷ்ல எழுதல. முதல்ல எல்லா பார்ட்டிஷனையும் லேப்டாப்புக்கு காப்பி எடுத்தோம், முக்கியமா ஃபேக்டரிங்கிற பார்ட்டிஷன், அதுலதான் அந்த ரவுட்டரோட மேக் அட்ரஸும் (நெட்வொர்க்ல அதோட அடையாள எண்) அதுக்குன்னே ட்யூன் பண்ணின வைஃபை அளவுகளும் இருக்கு, இன்னொரு ரவுட்டரோடத எடுத்துப் போட முடியாது, தொலைஞ்சா வைஃபை பலவீனமாத்தான் ஓடும். அப்புறந்தான் சிஸ்அப்கிரேட் எழுதினோம்.

கிளம்பும்போது மருமகன் கேட்டான், "மாமா, பிரீட்ங்கிற பூட்லோடர போட்டா அடுத்த தடவ பெட்டிய திறக்காம பிரவுசர்லயே எல்லாம் பண்ணலாமாமே?" அது உண்மைதான், அடிக்கடி ஃபர்ம்வேர் மாத்துற ஆளுக்கு ரொம்ப வசதி. ஆனா அதோட சோர்ஸ் யாருக்கும் திறந்து குடுக்கப்படல, எழுதுற அந்த சில செக்கன்ல ஏதாவது பிசகினா இப்ப இருக்கிற சீரியல் மெனுவும் சேர்ந்து போயிடும், இந்த ரவுட்டர்ல இருக்கிறது நேண்ட் சிப்ங்கிறதால கிளிப் போட்டும் காப்பாத்த முடியாது. நாலு வீடு நம்பியிருக்கிற பெட்டிக்கு அந்த ரிஸ்க் வேணாம்னு சொன்னேன். சீரியல் பின்ன சோல்டர் பண்ணி, பெட்டி மூடில ஒரு சின்ன ஓட்டை போட்டு வெளியில வர்ற மாதிரி விட்டிருக்கேன், கேபிள அவன்கிட்டயே குடுத்துட்டு வந்தேன்.